இருநூற்றுப் பதினான்கு கோடியும் சொச்சமும்

புதிதாக நிரல் எழுதப் பழகும் ஒருவர் ஒரு கடைக்காக வாடிக்கையாளர் பட்டியல் தயாரிக்கிறார். கைப்பேசி எண்ணும் எண்தானே என்று, தரவுத்தளத்தில் அந்தப் பத்தியைச் சாதாரண முழு எண்ணாக அறிவித்துவிடுகிறார். நான்கு நாள் கழித்துப் பட்டியலைத் திறந்தால் கந்தசாமிக்கும் கதீஜாவுக்கும் மேரிக்கும் ஒரே கைப்பேசி எண்: 2147483647.

காரணம் எளியது. அந்தப் பத்தி கொள்ளக்கூடிய மிகப் பெரிய எண்ணே அதுதான். சில தரவுத்தளங்கள் அதைவிடப் பெரிய எண் வந்தால் பிழை என்று நிறுத்தாமல், தம்மால் இயன்ற உச்ச எண்ணைப் பதிந்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடும். இந்தியக் கைப்பேசி எண்கள் பத்து இலக்கம் கொண்டவை. 6, 7, 8, 9 ஆகியவற்றில் ஒன்றில்தான் தொடங்கும். ஆகவே நம் நாட்டில் யாருடைய எண்ணும் இந்தப் பத்தியில் அடங்காது. ஒருவர் தப்பினார், ஒருவர் மாட்டினார் என்ற பேச்சே இல்லை.

இருநூற்றுப் பதினான்கு கோடியே எழுபத்து நான்கு லட்சத்து எண்பத்து மூவாயிரத்து அறுநூற்று நாற்பத்தேழு. நிரலாளர்கள் இந்த எண்ணை ஒரு சுவராக அறிவார்கள். கணினி பிறப்பதற்கு வெகுகாலம் முன்பே கணிதக்காரர்கள் இதை வேறொரு காரணத்துக்காகக் கொண்டாடினார்கள். இரண்டு புகழுக்கும் வேர், அந்த எண்ணின் வடிவம்.

வடிவம் பத்தடிமான எழுத்தில் தெரியாது. கணினி எண்ணுவதுபோல் 0, 1 இரண்டை மட்டும் வைத்து எழுதினால் தெரியும்: வரிசையாக முப்பத்தொரு ஒன்றுகள், வேறு எதுவும் இல்லை. நம் கணக்கில் 999 என்பது 1000-க்கு ஒன்று குறைவு. அதேபோல் முப்பத்தொரு ஒன்றுகள் என்பது இரண்டின் 31-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. இரண்டை முப்பத்தொரு முறை பெருக்கினால் 2147483648; ஒன்றைக் கழித்தால் நம் எண். கணினி ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கும்போது, முதல் பிட் கூட்டலா கழித்தலா என்று சொல்லப் போய்விடுகிறது. மிச்சம் 31. அத்தனையிலும் ஒன்று நிரம்பிவிட்டால் அதற்கு மேல் இடமில்லை. இன்னும் ஒன்றைக் கூட்டினால், ஏற வேண்டிய எண் குறியைக் காட்டும் பிட்டுக்குள் போய் விழுகிறது. விடை −2147483648 ஆகிவிடுகிறது. இருநூறு கோடி சொத்து ஒரே நொடியில் இருநூறு கோடி கடன்.

2014 டிசம்பரில் கொரியப் பாடகர் சையின் 'கங்னம் ஸ்டைல்' பாட்டு இந்த எல்லையைத் தொட்டது. பார்வைகளை எண்ணும் எண்ணியை 64 பிட்டுக்கு மாற்றிவிட்டதாக யூடியூப் அறிவித்தது. அதைவிடப் பெரிய காரியம் காலண்டரில் காத்திருக்கிறது. யூனிக்ஸ் வழிவந்த கணினிகள் நேரத்தை 1970 ஜனவரி 1 நள்ளிரவிலிருந்து கழிந்த நொடிகளாக எண்ணுகின்றன. 2147483647 நொடி என்பது அறுபத்தெட்டு ஆண்டுகளும் பதினெட்டு நாட்களும் சில மணி நேரமும். அது முடிவது 2038 ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரப்படி காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு. 32 பிட்டில் நேரம் வைத்திருக்கும் கருவி எதுவானாலும் அதற்கடுத்த நொடியில் 1901 டிசம்பருக்குப் போய்விடும். இன்றைய கணினிகளும் கைப்பேசிகளும் பெரும்பாலும் 64 பிட் நேரத்துக்கு மாறிவிட்டன. கவலை எல்லாம் சுவரில் மாட்டிவிட்டு மறந்துபோன பழைய கருவிகளைப் பற்றித்தான்.

இது வரைக்கும் சொன்னதில் கணிதம் அதிகமில்லை. எந்த அளவிலும் பாத்திரம் ஒரு நாள் நிரம்பத்தான் செய்யும். இந்தப் பாத்திரத்தின் விளிம்பில் நிற்கும் எண் ஒரு பகா எண் என்பதுதான் விசேஷம். ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாது.

எல்லாப் பிட்டும் ஒன்றாக உள்ள எண்கள் 1, 3, 7, 15, 31, 63, 127 என்று போகின்றன. இவற்றில் 3, 7, 31, 127 பகா எண்கள். 15, 63 அல்ல. ஒன்றுகளின் எண்ணிக்கை பகு எண்ணாக இருந்தால் அந்த எண்ணும் பகு எண்தான். இதை நம் பத்தடிமானத்திலேயே பார்க்கலாம்: 111111-ஐ 111, 111 என்று இரண்டாகப் பிரிக்க முடிவதால் அது 111-ஆல் வகுபடுகிறது. ஆகவே ஒன்றுகளின் எண்ணிக்கை பகா எண்ணாக இருப்பது அவசியம். ஆனால் அது மட்டும் போதாது. பதினொரு ஒன்றுகள் சேர்ந்தால் 2047. அது 23 × 89.

இந்த வகை எண்களுக்கு மெர்சென் எண்கள் என்று பெயர். மரேன் மெர்சென் 17-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் வாழ்ந்த துறவி; ஐரோப்பிய அறிஞர்கள் பலரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருந்தவர். 1644-இல் வெளியிட்ட நூலில், 257 வரையுள்ள அடுக்குகளில் எவையெவை பகா எண் தரும் என்று ஒரு பட்டியல் கொடுத்தார்: 2, 3, 5, 7, 13, 17, 19, 31, 67, 127, 257. துணிச்சலான பட்டியல், ஏனென்றால் பின்பகுதியைச் சரிபார்க்கும் வசதி அவர் காலத்தில் யாரிடமும் இல்லை. 67-ம் 257-ம் தவறு என்றும், 61, 89, 107 விடுபட்டுவிட்டன என்றும் பின்னால் தெரிந்தது. 31-ஐ அவருக்கு முன்பே இன்னொருவர் சொல்லியிருந்தார். இத்தாலியரான பியேத்ரோ கட்டால்டி 1588-இல் 17, 19 ஆகிய அடுக்குகள் பகா எண் தருவதை உழைத்துக் காட்டியவர். 524287-இன் வர்க்கமூலம் 724 சொச்சம். அதற்குள் இருக்கும் பகா எண்கள் ஒவ்வொன்றாலும் வகுத்துப் பார்த்தார். அதோடு நிற்காமல் 23, 29, 31, 37 என்ற அடுக்குகளும் பகா எண் தரும் என்றார். அதில் மூன்று பொய்த்தன. 23-ஐயும் 37-ஐயும் ஃபெர்மா 1640-இல் உடைத்தார். 29-ஐ ஆய்லர் உடைத்தார்: 233-ஆல் வகுபடுகிறது. நான்கில் ஒன்று சரியாவதை ஊகம் என்றுதான் சொல்ல முடியும்.

31-க்கு நிரூபணம் கொடுத்தவரும் ஆய்லர்தான். வருடம் 1772. ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்கில் இருந்தார். வயது அறுபத்தைந்தை ஒட்டி. ஒரு கண் பார்வை பல ஆண்டுகளுக்கு முன்பே போயிருந்தது. மற்றதும் ஏறக்குறைய முழுவதும் போய்விட்ட காலம். அதற்கு முந்தைய ஆண்டுதான் நகரத்தில் பிடித்த தீயில் அவர் வீடு எரிந்தது. பெர்னூலி குடும்பத்தவர் ஒருவருக்கு அவர் எழுதிய சிறு கடிதம் பெர்லின் அகாடமியின் 1772-ஆம் ஆண்டுத் தொகுதியில் அச்சானது. அதில் இருந்தது இந்த எண் பகா எண் என்ற செய்தி.

கட்டால்டியின் வழியில் போனால் என்ன செய்ய வேண்டும்? 2147483647-இன் வர்க்கமூலம் 46340 சொச்சம். அதற்குள் ஏறத்தாழ 4,800 பகா எண்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றாலும் பத்து இலக்க எண்ணை வகுக்க வேண்டும். ஆய்லர் அந்தக் குவியலை வகுக்காமலேயே சலித்தெடுத்தார். எப்படி என்பதைச் சற்று நின்று பார்க்கலாம். இந்தக் கதையில் மிக அழகான இடம் இதுதான்.

q என்ற பகா எண் நம் எண்ணை வகுப்பதாக வைத்துக்கொள்வோம். 1-இல் தொடங்கி இரட்டித்துக்கொண்டே போங்கள்; q-ஐத் தாண்டும்போதெல்லாம் q-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நம் எண் q-ஆல் வகுபடுவதால், இரண்டின் 31-ஆம் அடுக்கை q-ஆல் வகுத்தால் மீதி 1. அதாவது முப்பத்தொரு முறை இரட்டித்ததும் புறப்பட்ட 1-க்கே வந்து சேருகிறோம். 31 பகா எண் என்பதால் அதற்கு முன்னால் குறுக்கு வழியில் திரும்பியிருக்க முடியாது. சுற்றின் நீளம் மிகச் சரியாக 31. இனி ஃபெர்மாவின் புகழ்பெற்ற சிறிய தேற்றம் வருகிறது: இரட்டிப்பை q−1 முறை செய்தாலும் 1-க்குத்தான் வந்தாக வேண்டும். அப்படியானால் q−1 முறையில் 31 நீளமுள்ள சுற்றுகள் முழுமையாக அடங்க வேண்டும். q−1 என்பது 31-இன் மடங்கு. q ஒற்றைப்படை என்பதால் q−1 இரட்டைப்படை. எனவே 62-இன் மடங்கு. 62-இன் மடங்கோடு ஒன்றைக் கூட்டிய எண்களைத் தவிர வேறு எதற்கும் இந்த எண்ணை வகுக்கும் தகுதியே கிடையாது. சந்தேகமிருந்தால் முன்னே பார்த்த 2047-இல் சரிபாருங்கள். அங்கே அடுக்கு 11. காரணிகள் 22-இன் மடங்கோடு ஒன்று கூட்டியவையாக இருக்க வேண்டும். 23 அப்படித்தான், 89-ம் அப்படித்தான்.

இன்னொரு சல்லடையும் உண்டு. இரண்டின் 31-ஆம் அடுக்குக்கு மீதி 1 என்றால் 32-ஆம் அடுக்குக்கு மீதி 2. ஆனால் 32-ஆம் அடுக்கு என்பது 16-ஆம் அடுக்கின் வர்க்கம். ஆக, ஏதோ ஒரு எண்ணின் வர்க்கத்தை q-ஆல் வகுத்தால் மீதி 2 வருகிறது. இந்த வாய்ப்பு எல்லா ஒற்றைப்படைப் பகா எண்ணுக்கும் கிடைப்பதில்லை; எட்டால் வகுத்தால் 1 அல்லது 7 மீதி வருபவற்றுக்கே கிடைக்கும். இரண்டு சல்லடைகளையும் சேர்த்தால் 248n+1, 248n+63 என்ற இரண்டு வரிசைகள் மட்டுமே தங்குகின்றன. 46339 வரை இந்த வரிசைகளில் 63-ஐ விட்டுவிட்டால் 372 எண்கள். அவற்றிலும் 249, 497 போன்ற பகு எண்களைத் தள்ளிவிட்டால் வகுத்துப் பார்க்க வேண்டியவை எண்பதை ஒட்டித்தான். முதல் ஆள் 311. வகுத்தால் 35 மீதி. அடுத்தது 1303, அதற்கடுத்தது 1489. இப்படியே போய் ஒன்றும் வகுக்கவில்லை என்றால் நிரூபணம் முடிந்தது. ஒரு பள்ளி மாணவர் பொறுமையோடு உட்கார்ந்தால் சில நாளில் திரும்பச் செய்துவிடலாம். கணிதத்தில் மேதைமை பெரும்பாலும் இப்படித்தான் வேலை செய்கிறது: கணக்கை வேகமாகப் போடுவதில் அல்ல, எந்தக் கணக்கைப் போட வேண்டாம் என்று கண்டுகொள்வதில்.

இதற்கெல்லாம் பயன் என்ன என்று அந்தக் காலத்தில் கேட்டிருந்தால் நிறைவெண்கள் என்று பதில் வந்திருக்கும். 6-ஐ வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3, கூட்டினால் 6. அதேபோல் 28, 496, 8128. ஒரு மெர்சென் பகா எண் கிடைத்தால் ஒரு நிறைவெண் இலவசம் என்பதை யூக்ளிட் காட்டியிருந்தார். 2147483647-ஐ இரண்டின் 30-ஆம் அடுக்கால் பெருக்கினால் எட்டாவது நிறைவெண்: 2305843008139952128.

1811-இல் பீட்டர் பார்லோ என்ற ஆங்கிலேயக் கணிதர் எண் கோட்பாடு பற்றி ஒரு நூல் எழுதினார். இந்த எட்டாவது நிறைவெண்ணைக் குறிப்பிட்டுவிட்டு, இதைவிடப் பெரியது ஒருபோதும் கண்டுபிடிக்கப்படாமலே போகலாம் என்றார். இவை வேடிக்கையே தவிரப் பயனற்றவை, இதைத் தாண்டித் தேட யாரும் மெனக்கெட மாட்டார்கள் என்பது அவர் கணிப்பு. பார்லோ சாமானியர் அல்ல. அவர் தொகுத்த வர்க்க, கன வாய்ப்பாடுகள் இருபதாம் நூற்றாண்டிலும் மறுபதிப்பு கண்டன. மனித இயல்பைத்தான் அவர் தப்பாகக் கணித்துவிட்டார். பயனில்லாத காரியம் என்று யார் சொன்னாலும் அதைச் செய்ய ஒரு கூட்டம் எப்போதும் இருக்கிறது. இருந்தாலும் ஆய்லரின் எண் முக்கால் நூற்றாண்டுக்கு மேல் அசையாமல் உச்சியில் இருந்தது. 1867-இல் பிரெஞ்சுக்காரரான லாண்ட்ரி பதின்மூன்று இலக்கப் பகா எண் ஒன்றை வெளியிட்டார். 1876-இல் எத்வார் லூகா 127-ஆம் அடுக்கில் உள்ள 39 இலக்க எண் பகா எண் என்று காட்டினார். அந்தச் சாதனை 1951 வரை நின்றது.

39 இலக்க எண்ணை வகுத்துப் பார்த்து முடியாது, எத்தனை சல்லடை வைத்தாலும். லூகா காரணிகளைத் தேடுவதையே விட்டுவிட்டார். அவர் முறையை 1930-களில் டெரிக் லெஹ்மர் செப்பனிட்டார். 4-இல் தொடங்குங்கள், வர்க்கம் எடுத்து 2-ஐக் கழியுங்கள், சோதிக்கும் எண்ணால் வகுத்து மீதியை வைத்துக்கொண்டு மறுபடி அதையே செய்யுங்கள். அடுக்கில் இரண்டு குறைத்த எண்ணிக்கை முடியும்போது மீதி பூஜ்யம் வந்தால் பகா எண், வராவிட்டால் இல்லை. 5-ஆம் அடுக்கில் உள்ள 31-க்கு: 4, 14, பிறகு 194; அதை 31-ஆல் வகுத்தால் 8; பிறகு 62, மீதி பூஜ்யம். மூன்றே படி. 2147483647-க்கு இருபத்தொன்பது படி. ஆய்லரின் சல்லடையே நீளமான வழியாகிவிட்டது.

மறுபடியும் கணினிக்கு வருவோம். எட்டுப் பிட்டின் உச்சம் 127, பகா எண். பதினாறு பிட்டின் உச்சம் 32767. அது 7 × 31 × 151. முப்பத்திரண்டின் உச்சம் நம் எண். அறுபத்து நான்கின் உச்சம் 9223372036854775807; அடுக்கு 63 என்பதால் 7-ஆலும் 127-ஆலும் வகுபட்டுவிடும். நூற்றிருபத்தெட்டின் உச்சம் லூகாவின் 39 இலக்க எண், பகா எண். ஒன்றுவிட்டு ஒன்று வருவதில் ஏதோ தெய்வ ரகசியம் இருப்பதுபோல் தோன்றும். ஒன்றுமில்லை. 15-ம் 63-ம் பகு எண்கள். 7-ம் 31-ம் 127-ம் தற்செயலாகப் பகா எண்கள். அந்த மூன்று அடுக்குகளும் தற்செயலாகவே பகா எண் தருகின்றன. கணினியை 32 பிட்டுக்கு வடிவமைத்த பொறியாளர்கள் எட்டின் மடங்குகளைப் பார்த்தார்களே தவிர ஆய்லரைப் பார்க்கவில்லை.

கிடைத்த தற்செயலை வீணாக்காமல் பயன்படுத்திக்கொண்டது இன்னொரு துறை. கணினியில் பகடை உருட்டுவதற்குச் சமவாய்ப்பு எண்கள் வேண்டும். கணினியோ சொன்னதை மட்டும் செய்யும் ஜந்து. ஒரு எண்ணைக் குறிப்பிட்ட பெருக்கியால் பெருக்கி, பெரிய எண் ஒன்றால் வகுத்து, மீதியை அடுத்த எண்ணாகக் கொள்ளலாம் என்ற உத்தியை 1949-இல் முன்வைத்தவர் அதே லெஹ்மர்தான். வகுக்கும் எண் பகா எண்ணாக இருந்து, பெருக்கியும் சரியாக அமைந்தால், பூஜ்யம் தவிர எல்லா மீதியும் ஒரு முறை வந்துபோன பிறகுதான் வரிசை திரும்பும். வகுக்கும் எண் 7 என்று வைத்து 3-ஆல் பெருக்கிப் பாருங்கள்: 1, 3, 2, 6, 4, 5, மறுபடி 1. ஆறும் வந்துவிட்டன. 3-க்குப் பதில் 2 என்றால் 1, 2, 4 என்று மூன்றோடு சுற்று முடிந்துவிடும்.

32 பிட் கணினியில் அடங்கும் மிகப் பெரிய எண்ணே பகா எண்ணாகவும் இருப்பது எவ்வளவு வசதி என்று இப்போது புரியும். 1969-இல் ஐபிஎம் கணினிகளுக்காக லூயிஸ், குட்மேன், மில்லர் மூவரும் 2147483647-ஐ வகுக்கும் எண்ணாகவும் 16807-ஐப் பெருக்கியாகவும் எடுத்தார்கள். 16807 என்பது 7-இன் ஐந்தாம் அடுக்கு. 7-ஆல் பெருக்கினாலே எல்லா மீதியும் வரும். ஆனால் எண்கள் மெதுவாக ஏறும், சமவாய்ப்பாகத் தெரியாது. ஐந்து ஐந்து படியாகத் தாவலாம் என்றால், தாவும்போது எதுவும் விடுபடாது என்பது உறுதியாக வேண்டும். சுற்றின் நீளம் 2147483646; அதைக் காரணிப்படுத்தினால் 2 × 3 × 3 × 7 × 11 × 31 × 151 × 331. அதில் 5 இல்லை. ஆகவே தாவலாம். 1-இல் தொடங்கினால் 16807, 282475249, 1622650073, 984943658 என்று வரிசை போகிறது. 1988-இல் பார்க், மில்லர் இருவரும் இதையே குறைந்தபட்சத் தரமாக எல்லோரும் வைத்துக்கொள்ளலாம் என்று எழுதினார்கள். சரியாக நிரல் எழுதினோமா என்று பார்க்க ஒரு சோதனையும் சொன்னார்கள்: பத்தாயிரமாவது படியில் 1043618065 வர வேண்டும். சி++ மொழியின் நூலகத்தில் இது இன்றும் இருக்கிறது. இன்றைய கணினிகளுக்கு இருநூறு கோடி நீளம் போதாது. சில நொடியில் தீர்ந்துவிடும். கடினமான வேலைகளுக்கு வேறு முறைகள் வந்துவிட்டன.

பார்லோ நினைத்த எல்லைக்கு அப்பால் தேடல் வெகுதூரம் போய்விட்டது. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட மிகப் பெரிய பகா எண் இரண்டின் 136279841-ஆம் அடுக்குக்கு ஒன்று குறைவு. அதற்கு நான்கு கோடியே பத்து லட்சம் இலக்கங்கள். இதைக் கேட்டதும் ஒரு ஆசை எழும். 5 பகா எண். ஐந்து ஒன்றுகள் சேர்ந்தால் 31, அதுவும் பகா எண். முப்பத்தொரு ஒன்றுகள் சேர்ந்தால் நம் எண், பகா எண். அப்படியானால் 2147483647 ஒன்றுகளை வரிசையாக எழுதினால்? அது அறுபத்து நான்கு கோடி இலக்கங்களுக்கு மேல் கொண்ட எண். பகா எண்ணாக இருந்திருந்தால் இன்றைய சாதனையெல்லாம் அதன் காலடியில் கிடக்கும்.

இல்லை. 1983-இல் அதற்கு ஒரு காரணி அகப்பட்டது: 295257526626031. வெறும் பதினைந்து இலக்கம். தேடியது ஆய்லரின் அதே சல்லடையை வைத்துத்தான்: காரணி என்று ஒன்று இருந்தால் அது 2147483647-இன் இரட்டைப்படை மடங்கோடு ஒன்று கூட்டியதாக இருக்க வேண்டும், எட்டால் வகுத்தால் 1 அல்லது 7 மீதி தர வேண்டும். இந்த எண் 137490 × 2147483647 + 1. எட்டால் வகுத்தால் மீதி 7. அறுபத்து நான்கு கோடி இலக்கங்களை எழுதாமலேயே இதை நீங்களும் சரிபார்க்கலாம். 2-இல் தொடங்கி முப்பத்தொரு முறை வர்க்கம் எடுங்கள். ஒவ்வொரு முறையும் 295257526626031-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் மீதியாக வந்து நிற்பது மறுபடி 2.